ஆங்கிலச் சொற்களைக் கற்கும் வகை
(வாணியம்பாடியில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, ஆங்கிலம் படிப்பதில் இன்று பின்வாங்குவதில்லை. ஆயினும் அவர்கள் சொற்களைக் கற்கும் வகையிலே பெருங்குறை ஒன்று உண்டென்பது என் அபிப்பிராயம். ஓர் ஆங்கிலச் சொல், அதற்கெதிரே ஒரு தமிழ்ச் சொல், இவ்விரண்டையும் பத்து முறை உருப்போட்டால் போதுமென்று இருந்துவிடுகின்றனர். இஃது எம்மட்டும் கைகொடுக்குமென்பதை நம் ஊர்ச் சரக்கைக் கொண்டே பார்ப்போம்.

'ஹைட்', 'ஸ்கின்', 'லெதர்' என்னும் மூன்றுக்கும் பிள்ளைகள் எழுதிவைத்திருக்கும் பொருள் 'தோல்' என்ற ஒன்றே. வியாபாரத்திலோ, ஹைட் என்பது மாடு, எருமை முதலிய பெரும் பிராணிகளின் தோல். ஸ்கின் என்பது ஆடு முதலிய சிறு பிராணிகளின் தோல். பதனிட்ட பின்னரே லெதர் என்னும் பெயர் பொருந்தும். ஆட்டுத்தோல் கேட்டு வந்த கடிதத்துக்கு மாட்டுத்தோல் விலையை எழுதியனுப்பும் குமாஸ்தாவை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? 'பிக்கிள்' என்றால் ஊறுகாய் என்று மட்டும் அறிந்த பிள்ளை, உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலை ஊறவைப்பதற்கும் அச்சொல்லே வழங்கக் கண்டு திகைப்பான். 'கரி' என்பது இன்னும் வேடிக்கை. சமையலைக் குறிக்கும் ஆங்கிலக் 'கரி' நம் 'கறி'யிலிருந்து போனது. பதனிட்ட தோலைத் தேய்த்துப் பக்குவம் செய்தலைக் குறிக்கும் 'கரி' பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

ஆதலின் ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய விளக்கமும், அதை அடுத்து ஒரு வாக்கியமும் வேண்டும். இது நான் புதிதாகக் கண்ட வழியன்று. டாக்காவில் கல்வி இலாகாவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர், எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து 1935-ல் வெளியிட்ட ஆங்கில அகராதி, அருஞ்சொற்களையெல்லாம் 1,490 எளிய சொற்களுக்குள்ளேயே நின்று விளக்கிற்று. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி முதலியோர் தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த அகராதி, வினைச்சொல் வாக்கியத்தில் எவ்வாறு அமையுமென்பதையும் காட்டிற்று. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டார் அதை மறுபடி பதிப்பித்தனர். இருவருக்கும் இந்த யோசனை அந்நிய மொழியாக ஆங்கிலம் கற்ற கீழ்நாட்டுப் பிள்ளைகளிடையே உதித்ததென்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பரீட்சைக்காக மட்டும் இதனைச் சொல்லுகிறேனென்று எண்ணவேண்டா. 1996 ஆகஸ்ட் 28-ல், வேலூர் ஸிட்டிஸன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டதைப் பற்றிய வழக்கு அது. நமது கூலியும் நமது குடிநீரும் தராசின் இரு தட்டில் நின்ற அத்தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதில் வரும் 'எஃப்ளுவென்ட்' என்னும் சொல்லுக்கு விளக்கம்: ஓரிடத்தினின்று வெளியே பாயும் கழிவுநீர். வாக்கியம்: 'சாலையின் எஃப்ளுவென்ட் ஆற்றில் கலந்தது.' முதலெழுத்து ஒன்று மாறினால் 'அஃப்ளுவென்ட்', அதாவது செல்வம் மிக்க. (இரண்டும் ஒரே தொழிலால் ஒரே ஊரில் உண்டாவது வேறு விஷயம்!)

அத்தீர்ப்பில் 'ஓனஸ்' என்றொரு சொல் உண்டு. குறிப்புப் புத்தகம் 'சுமை' என்னும். அதனால் ஒன்றும் விளங்காது. விளக்கம்: மெய்ப்பிக்கவேண்டிய பொறுப்பு. வாக்கியம்: 'தன் தொழிலால் சுற்றுப்புறத்துக்குத் தீங்கில்லையென்று காட்டும் ஓனஸ் ஆலை நடத்துவோனுடையது.' தீங்கு நேர்ந்ததென்று கிராமத்தான்தான் மெய்ப்பிக்க வேண்டுமென்று நம்மில் எத்தனை பேர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்! அந்த ஒரு சொல்லின் பொருள் தெரிந்தவன் கலெக்டர் கச்சேரியில் மனுக் கொடுப்பதே வேறு மாதிரியாயிருக்கும்.

பெற்றோர் செய்யத்தக்கது அதிகமில்லை. பிள்ளைக்கு ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக் கொடுங்கள். நாளொன்றுக்கு மூன்று சொற்கள் போதும். விளக்கத்தை அகராதியிலிருந்து எடுக்கலாம்; வாக்கியத்தை மட்டும் பிள்ளையே தன் தெரு, தன் வீடு, தகப்பனார் தொழில் இவற்றிலிருந்து அமைக்கட்டும். ஆங்கிலம் அறியாத தாயும், 'இதைத் தமிழில் எனக்குச் சொல்' என்று கேட்கலாம். பிள்ளை தடுமாறினால், அச்சொல்லை மறுநாளும் எழுதச் செய்யுங்கள்.