சான்றிதழும் சங்கமும்



நியாயமான முறையில் தயாரித்த ஆடை என்று அச்சடித்த ஒரு சீட்டைப் பனியனின் கழுத்தில் தைத்துவிட்டால், அதைத் தைத்தவளுடைய ஜீவனத்துக்கும் கௌரவத்துக்கும் யாரோ பெரிய மனிதர்கள் ஜவாப்தாரிகளாகிவிட்டார்கள் என்று நம்பி, வாங்குகிறவன் நிம்மதியாக உறங்கப் போகிறானே, அந்த நம்பிக்கையைத்தான் திருப்பூரிலே நின்றுகொண்டு இன்று நான் விசாரிக்க வந்திருக்கிறேன்.

அந்தச் சீட்டுக்கான பரிசோதனை எப்படி நடக்கிறதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலெக்டர் வருகிற அன்று பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பதுபோல, தேதி முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், கட்டிங் மாஸ்டரின் கைக்கு அன்றைக்கு மட்டும் இரும்புவலைக் கையுறை வருகிறது. அவசர வழியை அடைத்துக்கொண்டிருந்த அட்டைப் பெட்டிகள் அகலுகின்றன. எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் எட்டு என்று சொல்ல, கைமடிப் பிள்ளைகள் முதல் ஓவர்லாக் டெய்லர் வரை பாடம் படித்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் பழைய ஒன்றரை ஷிப்ட். மிகுதி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் எழுதி வைத்திருக்க, சனிக்கிழமைச் சம்பளத்தில் வருவதோ ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைக் கூலிதான். சந்துக்குள்ளிருக்கும் ஜாப் ஒர்க் கொட்டகைகளைப் பரிசோதகர் கண்ணால்கூடக் காண்பதில்லை.

இது வெறும் வேடிக்கையாக முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கராச்சி நகரில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்னும் கீர்த்தி வாய்ந்த சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்தபோது, திறக்க வழியில்லாத கதவுகளுக்கும் கம்பி போட்ட ஜன்னல்களுக்கும் உள்ளே 250 பேருக்கு மேல் மாண்டு போனார்கள்.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: வருஷத்துக்கொரு நாள் வந்து போகும் பரிசோதகரைவிட, தினந்தோறும் அந்த மெஷினில் உட்காருகிறவளே மேலான சாட்சி, அவள் வாய் திறந்தால் வேலை போகாது என்ற உறுதிதான் அவளுக்கு வேண்டும். இது ஆகாத காரியமன்று. பக்கத்துத் திண்டுக்கல்லில், 2021-இல் ஓர் ஆடை ஆலையின் இளம் தொழிலாளி கொலையுண்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் விடாது போராடி, 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் போன்ற கொள்முதல்காரர்களோடும் அந்த உறுதியைத் தரும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி தொழிலாளிப் பெண்களே தளந்தோறும் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். ஆலை மீறினால் ஆர்டருக்கே ஆபத்து என்றிருந்தது. பஞ்சப்படிக்காக 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த இந்த ஊருக்கு, அத்தகைய ஒப்பந்தம் கேட்க யோக்கியதை இல்லையா?

இப்படிக் கேட்டால் ஆர்டரெல்லாம் வங்காள தேசத்துக்குப் போய்விடும் என்று முதலாளிமார் பயமுறுத்துவார்கள். அந்த வங்காள தேசத்திலேதான், விரிசல் கண்ட ராணா பிளாசா கட்டடத்துக்குள் விரட்டி அனுப்பப்பட்ட ஜனங்களில் 1,134 பேர் 2013 ஏப்ரலில் மாண்ட பிறகு, 200-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்டன. அதன் பின்னர் வந்த ஆண்டுகளை மொத்தமாகப் பார்த்தால் அந்த நாட்டு ஆடை ஏற்றுமதி வளர்ந்தே இருக்கிறது. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் அவர்கள் அந்தப் பூச்சாண்டியைக் காட்டும்போது, இந்தக் கணக்கை எடுத்து மேஜைமேல் வையுங்கள்.