முதுமையும் நினைவாற்றலும்

(முதியோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நினைவாற்றல் குறித்துப் பேசுமாறு நிர்வாகிகள் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். எனினும் மனனம் என்பது மத்ரஸாவில் ஓதியவனுக்கு அந்நியமான விஷயமன்று, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

6,000-க்கும் மேற்பட்ட வசனங்களை நெஞ்சில் சுமக்கும் ஹாஃபிழ், பட்டம் பெற்ற நாளோடு ஓதுவதை நிறுத்திவிட்டால் அவரிடம் என்ன எஞ்சும்? இதற்காகவே உஸ்தாதுமார்கள் தவ்ர் எனும் முறையை வைத்தார்கள். ஒருவர் பாராமல் ஓதுவார். மற்றவர் முஸ்ஹஃபைப் பார்த்துத் திருத்துவார். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்து, 1885-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறந்துவிடுகிறது. மீண்டும் கற்கும்போதோ முன்னைவிடக் குறைந்த நேரமே பிடிக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் காட்டிலும், பாராமல் நினைவிலிருந்து மீட்டெடுப்பதே அதை நிலைக்கச் செய்கிறது என்று பிற்கால ஆய்வுகளும் கூறுகின்றன. ஆகவே பெரியவர்களே, பேரனின் தொலைபேசி எண்ணைக் கைபேசியில் தேடுமுன் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அறியாத சூரா ஒன்றை இந்த வயதிலும் மனனம் செய்யத் தொடங்கலாம். ஞாபக சக்திக்கென்று விளம்பரம் செய்யப்படும் லேகியங்களுக்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவற்றுக்கு நம்பத்தக்க சான்று இல்லை.

அடுத்தது காது. இதை நாம் பொருட்படுத்துவதே இல்லை. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல், மறதி நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. அவற்றில் முதன்மையானவற்றுள் ஒன்று, கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு. காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கியவருடைய மூளைக்கு வேலை குறைகிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுடையோரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் காதுக் கருவி பலன் தந்துவிடவில்லை. ஆயினும் பாதிப்புக்கு அதிக வாய்ப்புள்ளோரிடம் அறிவுத்திறன் தேய்வு மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கண்ணாடி அணிய வெட்கப்படாத நாம் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம்? பயான் கேட்கவில்லை என்பதை மறைத்துத் தலையாட்டிக்கொண்டிருப்போர் இங்கேயே சிலர் உண்டு.

இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், நடையின்மை ஆகியனவும் அப்பட்டியலில் அடங்கும். நம் வலீமா விருந்துகளைப் பற்றி நான் பேசப் புகுந்தால் உணவு இறங்காது, விட்டுவிடுகிறேன். பள்ளிக்கு நடந்து வர முடிந்தவர்கள் வாகனத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு பெயர் மறந்து சற்று நேரத்தில் நினைவுக்கு வருவது வயதின் இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவது அவ்வாறானதன்று. 'வயதானால் அப்படித்தான்' என்று வாளாவிருக்கலாகாது. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். அவை சிகிச்சைக்கு உட்பட்டவை. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கிருமித்தொற்று காரணமாக இருக்கக்கூடும்.

இனி இளைஞர்களுக்கு. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அத்தகைய வாப்பாவிடம், 'நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்' என்று பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிக்கொண்டு அருகில் அமருங்கள். தொழுகையில் ரக்அத் தவறுகிறார் என்று ஸஃப்பில் வைத்து அதட்டாதீர்கள். அறிவு முற்றிலும் நீங்கிவிட்டவர் மீது தொழுகையோ நோன்போ கடமையில்லை. பிள்ளைகள் அவரை நிர்ப்பந்திப்பது கூடாது.

சொத்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அறிவு நீங்கிய தந்தையிடம் கைநாட்டு வாங்கி எழுதிக்கொள்ளும் பத்திரம் ஷரீஅத்தில் செல்லாது. உடன்பிறந்தோரின் பங்கை அபகரிப்பதே அது. ஆகவே பெரியவர்களே, நினைவு தெளிவாக இருக்கும் இன்றைக்கே கொடுக்கவேண்டிய கடன், வரவேண்டிய பாக்கி, பிறர் ஒப்படைத்த அமானிதம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். வஸிய்யத் செய்ய விரும்புவோர் மூன்றில் ஒரு பங்குக்குள் சாட்சிகளை வைத்து எழுதலாம். எழுத உதவி தேவைப்படுவோர் இஷாவுக்குப் பின் என்னிடம் வாருங்கள்.