கருப்பை அறுவையும் மாதவிடாய் நிற்கும் காலமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் இப்பேச்சு எதற்கென்று சிலர் எண்ணக்கூடும். நெருளில் குடியேறிய நாம் வீடு வாங்கப் பத்துப் பேரிடம் கேட்டறிகிறோம். "கருப்பையை எடுத்துவிடலாம்" என்று மருத்துவர் சொன்னால் மட்டும் நாணத்தால் வாய்மூடிக் கையெழுத்திடுகிறோம். இது தகுமா?

நம் மராட்டிய மாநிலத்துப் பீட் மாவட்டத்தை நோக்குங்கள். அங்கிருந்து கரும்பு வெட்டச் செல்லும் பெண்கள் ஒரு நாள் வாராவிடில் கூலியில் பிடித்தம். மாதவிடாய்த் துன்பமும் புற்றுநோய் அச்சமும் அவர்களை அறுவைக்கு இட்டுச் சென்றன. 2019-இல் மாநில அரசு அமைத்த குழு ஆராய்ந்த 82,309 பெண்களுள் 13,861 பேருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது!

கருப்பை வேறு, சினைப்பை வேறு, கருக்குழாய் வேறு. இவற்றை ஒன்றாகக் கருதுவதே குழப்பத்திற்கு வித்து.

சினைப்பை இரண்டையும் எடுத்தால், எந்த வயதாயினும் மாதவிடாய்ப் பருவம் உடனே முடிகிறது. உடல் வெம்மையும் உறக்கமின்மையும் வரும், எலும்பு தேயும், இதய நோய்க்கும் இடமுண்டு.

கருப்பையை மட்டும் எடுத்தால் உதிரப்போக்கு நிற்கும், சினைப்பை தொழிற்படும். ஆயினும் அது முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வறுவை செய்துகொண்டோர்க்குச் சினைப்பை முன்கூட்டியே ஓயும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. மாதவிலக்கு இல்லாமையால் அம்மாற்றம் பெண்ணுக்கே தெரிவதில்லை.

கருக்குழாயை மட்டும் எடுப்பதால் சினைப்பையின் ஆற்றல் பெரிதும் குறைவதில்லை என்று குறுகிய கால ஆய்வுகள் கூறுகின்றன.

அறுவையே தீதென்று நாம் கூறவில்லை. பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணுக் குறை உடையோர்க்கு, மகப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதிற்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் நீக்குவது உயிர் காக்கும் வழி. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-இல், 39-ஆம் வயதில் இதனைச் செய்துகொண்டு, மாதவிடாய் நின்றதையும் உலகறியச் சொன்னார். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள், அருகே கார்கரிலுள்ள டாட்டா நினைவு மையத்தின் நிலையத்தை அணுகலாம்.

ஆகவே கையெழுத்திடுமுன் கேட்போம்: எவ்வுறுப்பு எடுக்கப்படும்? சினைப்பையைக் காக்க இயலுமா? மருந்தால் தீராதா? எடுத்தபின் ஹார்மோன் மருந்து ஏற்குமா? கணவன்மாரும் உடன் அமர்ந்து கேட்பாராக. நாணம் நம் பெண்களின் நலத்தைப் பறிக்கலாகாது.