முறுக்குமாற்றி தேர்தல்



வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலையேறும் பழைய தானியங்கி மகிழுந்து ஒன்று, எண்ணெய் கருகிய நெடியோடு நடுவழியில் நின்றுவிடுகிறது. உரியவர் அதனைத் திண்டுக்கல் பட்டறைக்கு இழுத்து வருகிறார். "டார்க் கன்வர்ட்டர் போய்விட்டது" என்கின்றனர். அஃது என்ன செய்யும் கருவி என்று வினவின், விடை இல்லை! முறுக்குமாற்றி என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலையைப் பெயரே விளக்கிவிடும்.

பொறியின் முறுக்கை எண்ணெய் வழியே பல்லிணைப் பெட்டிக்குக் கடத்துவது அது. பொறியோடு சுழலும் எக்கி எண்ணெயை வீசும். அவ்வீச்சு சுழலியை உருட்டும். மீளும் எண்ணெயை நடுவிலுள்ள திருப்பி மடைமாற்றி எக்கிக்கே துணையாக்கும். ஊர்தி புறப்படுகையில் முறுக்கு ஏறத்தாழ இருமடங்காவது இதனாற்றான். செருமானியரான எர்மன் பெட்டிங்கர் 1905-இல் கப்பலுக்கென இதனை வகுத்தார். 1948-இல் அமெரிக்கப் பூயிக்கு மகிழுந்தில் இது புகுந்தது.

சுழலியை அசையாது நிறுத்திப் பொறியை முழுதும் முடுக்கினால் அஃது எட்டும் சுழற்சியே நிற்சுழற்சி. தேர்வு இதனைப் பொறுத்தது. மாற்றியின் விட்டம் சிறுத்தால் நிற்சுழற்சி கூடும், புறப்பாடு துள்ளும். பந்தய ஊர்திக்கு அது சரி. ஏறத்தாழ 300 மீட்டர் உயரச் சமவெளியிலிருந்து 2,100 மீட்டர் வரை ஆள்சுமந்து ஏறும் ஊர்திக்கோ அது கேடு. மெல்ல ஏறும்போது எக்கிக்குச் சுழலி ஈடுகொடாது வழுக்கும். வழுக்கல் முழுதும் வெப்பமாகும். வெப்பம் எண்ணெயைக் கருக்கும். பொறியை மாற்றாதவர், ஆக்கியோர் வைத்த அளவையே நாடுக. மிகுசுழற்சி மாற்றி பெருமைக்குரியது என்னும் பேச்சு வெறும் கடைத்தெருப் பேச்சு!

வாங்குமுன் பழுது மாற்றியிலா என்று பாருங்கள். திருப்பியின் ஒருவழிப் பிடி வழுக்கினால் புறப்பாடு சோரும். ஓட்டம் பிடித்தபின் குறை தெரியாது. அப்பிடி இறுகிவிட்டாலோ, புறப்பாடு நன்றாயிருக்கும். விரைவு ஏறாது, சூடேறும்.

1990-களின் மாருதி எசுட்டீம் தானியங்கி போன்றவற்றுக்குக் கழித்த ஊர்தியிலிருந்து எடுத்ததையே பலர் வாங்குவர். அதனுள் எண்ணெய் கறுத்திருந்தாலோ மாழைத்துகள் மின்னினாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுக. மூடிப் பற்றவைத்த கூட்டை முழுதும் கழுவ இயலாது. தண்டின் வரிப்பல் எண்ணிக்கையும் திருகாணித் துளைகளும் பழையதோடு ஒத்திருத்தல் வேண்டும். குளிர்த்திக் குழாய்களைக் கழுவியபின், மாற்றியுள் சிறிது எண்ணெய் ஊற்றி, அதன் கழுத்து எண்ணெய் எக்கியின் பிடிப்பிற் சென்று அமரும்வரை கையாற் சுழற்றித் தள்ளுக. அமராத மாற்றியைத் திருகாணியால் இழுத்து முடுக்கினால், பொறி ஓடுமுன்னரே எண்ணெய் எக்கி உடையும்.