பிந்தி வந்த சிரிப்பு



ஒரு நாடகத்தையோ திரைப்படத்தையோ சுவைப்பதற்கு என்ன வேண்டும்? மொழி தெரிந்தால் போதும் என்றுதான் நெடுங்காலம் நானும் நினைத்திருந்தேன். தமிழாசிரியன் ஒருவன் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. அந்த எண்ணத்தை மாற்றியது, அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குப் புறத்தே ஒரு பொது நூலகத்தில் நான் பார்த்த பழைய பகிடிப் படம் ஒன்று. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கல்லூரியில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் மன்ற விழாவில் எங்கள் மாணவர்கள் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'உடையார் மிடுக்கு' நாடகத்தை நடித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே அவர் எழுதி, 1940இல் 'நானாடகம்' என்ற பெயரில் வெளியிட்ட நான்கு நாடகங்களுள் அது ஒன்று. மண்டபம் சிரித்துக் குலுங்கியது. முன்வரிசையிலிருந்த ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்து விடுதியில் சேர்ந்து ஒரு மாதங்கூட ஆகாதவன். மறுநாள் வகுப்பிலே, "ரசனை இல்லாதவனுக்குத் தமிழ் எதற்கு?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் அதை மறந்துவிட்டேன்.

2024ஆம் ஆண்டு சம்பளமற்ற விடுமுறை பெற்று, மெல்பேணிலிருக்கும் அக்கா வீட்டுக்குச் சென்று பல மாதங்கள் தங்கினேன். முதலில் அத்தான் என்னைத் தமிழ்ப் படத்துக்குத்தான் அழைத்துச் சென்றார். ஊரிலே காணும் அதே நடிகர், அதே பாட்டு, இடைவேளையின்றிப் படம் ஓடியது ஒன்றுதான் புதுமை. வேற்று நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

பிறகு ஆங்கிலப் படங்களுக்குத் தனியாகப் போகத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பல படமாளிகைகளில் நுழைவுச்சீட்டு மலிவு. ஆங்கிலம் எனக்கு ஓரளவு வரும். வசனங்கள் விளங்கின, கதையும் விளங்கியது. ஆனால் சுற்றியிருப்பவர்கள் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வராது. அவர்கள் சிரிப்பதைக் கண்டு நான் சிரிக்கத் தொடங்கும்போது அவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். இருட்டில் ஒருவரும் என்னைப் பார்க்கப்போவதில்லை. இருந்தும் வெட்கமாக இருக்கும்.

அப்படியான ஒரு பின்னேரத்தில்தான் அத்தானோடு அந்த நூலக மண்டபத்துக்குப் போனேன். முதியோருக்கென இலவசமாகப் படம் காட்டுகிறார்கள். தேநீரும் பிஸ்கற்றும் உண்டு. அன்றைய படம் 1997இல் வெளிவந்த 'த காஸில்'. கோட்டை என்று பொருள். றொப் சிற்ச் என்பவர் நெறிப்படுத்தியது. பதினொரு நாளிலே படப்பிடிப்பை முடித்தார்களாம். அந்த நாட்டவர் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரிக்கும் படம் அது.

கதை சிறியது. டரில் கெரிகன் என்றொரு தொழிலாளி, பழுதான வாகனங்களை இழுத்துச் செல்லும் வண்டிக்காரர், மெல்பேண் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு வீட்டில் குடும்பத்தோடு வாழ்கிறார். தலைக்கு மேலே விமானங்களும் உயர் மின்கம்பிகளும். மற்றவர்கள் முகஞ்சுளிக்கும் இடம். அவருக்கோ அது சொர்க்கம். கூரையிலே பொய்யாக ஒரு புகைபோக்கியை வைத்து அழகு பார்க்கிற மனிதர் அவர். மனைவி என்ன சமைத்தாலும் அமிர்தம் என்கிறார். விமான நிலையத்தை விரிவாக்க வேண்டும், வீட்டை விட்டுப் போ என்று ஒருநாள் கடிதம் வருகிறது. போகமாட்டேன் என்கிறார்.

மண்டபத்திலிருந்த முதியவர்கள் வசனம் வருமுன்னரே சிரித்தார்கள். அவ்வளவு பாடம். அத்தானும் சிரித்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர் அல்லவா? நான் வழமைபோலப் பிந்திப் பிந்திச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, பகிடி விளங்கேல்லையோ?" என்று காதுக்குள் கேட்டார்.

"விளங்குது அத்தான். சிரிப்புத்தான் வரேல்லை."

அப்போது கெரிகனின் அயலவர் ஒருவர் திரையில் வந்தார். பெயர் பாறூக், லெபனானிலிருந்து குடியேறியவர். அவருக்கும் அதே கடிதம் வந்திருக்கிறது. மேலே விமானம் பறப்பதால் வீட்டின் பெறுமதி குறைவு என்பதற்கு அவர் விடை சொல்கிறார். பெய்ரூட்டிலே விமானம் வந்தால் குண்டு போடும். இந்த விமானங்கள் ஒன்றும் போடுவதில்லை. எனக்கு இவற்றைப் பிடிக்கும் என்பது அதன் கருத்து.

நான் வெடித்துச் சிரித்தேன். மண்டபத்தில் எல்லாருக்கும் முன்பாக, எல்லாரையும் விட உரத்து. மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பின்னும் என்னால் நிறுத்த முடியவில்லை. முன்வரிசையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேயர்களே, எங்கள் வீடு வலிகாமம் வடக்கில், விமான ஓடுபாதைக்கு அண்மையில் இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும் என்பது நான் நெடுங்கணக்கோடு சேர்த்துக் கற்ற பாடம். 1990இல் நாங்கள் அந்த வீட்டை விட்டு வெளியேறியபோது எனக்கு வயது எட்டு. அப்பா நாடகப் பைத்தியம். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' எங்கே நடந்தாலும் சைக்கிளில் போய்விடுவார். அந்த நாடக நோட்டீசுகளை ஒரு தகரப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தார். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று பெட்டியை விட்டுவிட்டு வந்தோம். காணி விடுவிக்கப்பட்டு 2016இல் போய்ப் பார்த்தபோது பெட்டியும் இல்லை, வீடும் இல்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்தது. அப்பா அதை எட்டிப் பார்த்து, "தண்ணி கிடக்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

படத்தின் பிற்பகுதியில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகிறது. ஒருவரின் உடைமையை அரசு எடுப்பதாயின் நியாயமான முறையிலேதான் எடுக்கலாம் என்று அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் 51ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. அதை வைத்து ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் பணம் வாங்காமல் வாதாடுகிறார். கட்டடத்துக்கு விலை உண்டு, வாழ்ந்த வாழ்வுக்கு விலை ஏது என்பதே வாதத்தின் சாரம். கெரிகன் வெல்கிறார். முதியவர்கள் கைதட்டினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். பகிடிப் படத்துக்கு அழுத ஒருவனை அந்த நூலகம் அன்றுதான் கண்டிருக்கும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். வகுப்பிலே எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அவை இரண்டும் ஏன் அடுத்தடுத்து இருக்கின்றன என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. அழுகைக்கு அவர் கூறும் காரணங்களுள் இழவும் ஒன்று. என் சிரிப்பும் அந்த இழவிலிருந்துதான் பிறந்தது.

தேநீர் வேளையில் பக்கத்திலிருந்த மூதாட்டி மெல்ல வந்து, எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன், வீட்டைப் பற்றியும் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். "இந்தப் படத்தை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். பாறூக் சொல்வது உண்மையாக நடந்த ஒன்று என்று எனக்குத் தோன்றியதே இல்லை" என்றார். பிறகு அவரே, "படத்தில் மாபோ பற்றிச் சொன்னதைக் கவனித்தீர்களா?" என்று கேட்டார். கவனித்தேன், விளங்கவில்லை என்றேன்.

அவர் விளக்கினார். ரொறஸ் நீரிணையிலுள்ள மறே தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடைய ஊரவர்களும், இந்த நிலம் எங்கள் முன்னோருடையது என்று வழக்காடினார்கள். 1992 யூன் 3ஆந் திகதி அதே உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வெள்ளையர் வந்தபோது இது யாருக்கும் உரித்தற்ற நிலம் என்ற பழைய கொள்கை அத்துடன் வீழ்ந்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை. அதே ஆண்டு சனவரியில் காலமாகிவிட்டார். தன் வீடு பறிபோகும் வேளையிலேதான் கெரிகனுக்கு அந்த மக்களின் துயரம் சற்றுப் புரிகிறது. எனக்கும் அப்படித்தான். நான் விருந்தாளியாக வந்திருக்கும் மண்ணிலும் வீடிழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

விடைபெறும்போது அந்த அம்மா றே லோலரின் நாடக நூல் ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். பதினேழாவது பொம்மையின் கோடைகாலம் என்று தலைப்பைத் தமிழாக்கலாம். ஆண்டில் ஏழு மாதம் வடக்கே கரும்பு வெட்டிவிட்டு ஐந்து மாதம் மெல்பேணுக்கு வரும் இரண்டு தொழிலாளரின் கதை. 1955 நவம்பரில் அது மேடையேறியபோது, தங்கள் தெருவிலே கேட்கும் பேச்சை மேடையிலே கேட்டு அந்த நகரத்தவர் மகிழ்ந்தார்கள். வாசித்துக்கொண்டு போகையில் எனக்கு 'உடையார் மிடுக்கு' நினைவுக்கு வந்தது. கூடவே அந்த மாணவனும் வந்தான்.

மேடையிலே தன் பேச்சைக் கேட்பவனுக்கு அது பெருவிருந்து. அந்தப் பேச்சோடு வளராதவனுக்கோ, அதே மொழியாயினும், அது அடைத்த கதவு. 'மயான காண்டம்' பார்த்துச் சனம் அழுதது என்று அப்பா சொல்வார். அரிச்சந்திரன் கதை தெரிந்தவர்கள் அழுதார்கள். தெரியாத ஒருவர் அங்கே இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று நாங்கள் கேட்டதுண்டா?

அந்த ஆண்டு குளிர்காலத்தில் எஸ். சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அன்ட் கிறாக்கிங்' என்ற நாடகம் மெல்பேணுக்கு வந்தது. தலைகளை எண்ணுவதையும் தலைகளை உடைப்பதையும் குறிக்கும் தலைப்பு. 2019இல் சிட்னி நகர மண்டபத்தில் முதன்முதல் மேடையேறியது. சிறு வயதில் அங்கே சென்ற ஈழத்தமிழர் அவர். 1956 முதல் 2004 வரை நம் நாட்டில் நடந்தவற்றை ஒரு குடும்பத்தின் வாயிலாகச் சொல்கிறார். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட நாடகம். அங்கே நாடகங்களுக்கு முன் அந்நிலத்தின் மூத்த குடிகளை வணங்கிச் சில சொற்கள் சொல்வது வழக்கம். கூத்துக்கு முன் நாம் காப்புப் பாடுவதுபோல. தொடக்கத்தில் அதைச் சடங்கென்று நினைத்திருந்தேன். மாபோவின் கதை கேட்டபின் எழுந்து நிற்கவேண்டும் போலிருந்தது.

அந்த நாடகத்தில் ஒருவர் தமிழில் பேச, பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் உடனே அதை ஆங்கிலத்தில் சொல்வார். ஒரு தமிழ் வசனத்துக்கு நான் சிரித்தேன். இங்குமங்குமாக வேறு சிலரும் சிரித்தார்கள். மண்டபத்தின் பெரும்பகுதி மௌனமாக இருந்தது. ஒரு மூச்சு நேரம் சென்று, ஆங்கிலம் வந்ததும், அவர்களும் சிரித்தார்கள்.

அன்று பிந்திச் சிரித்தவர்கள் அவர்கள். ஒருவரும் வெட்கப்படவில்லை. அடுத்த வசனத்துக்கு இன்னும் சற்று முன்னே சாய்ந்து காத்திருந்தார்கள். எங்களுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தைத்தான் நான் ரசனை என்று இப்போது எண்ணுகிறேன். அதைக் கொடுக்கத் தெரியாத சபையில் எத்துணை நல்ல நாடகம் நடந்தாலும் அது நமக்கு நாமே போடும் நாடகமாகிவிடும்.

ஊர் திரும்பியதும் அந்த மாணவனைப் பற்றி விசாரித்தேன். அவன் எப்போதோ கல்லூரியை விட்டுப் போய்விட்டான். எங்கே இருக்கிறானோ தெரியாது. வானொலி எல்லா வீட்டுக்கும் போகும் என்பார்கள். தம்பி, எங்கேனும் நீ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உனக்கு ரசனை இல்லை என்று நான் சொன்னது பிழை. உனக்குப் பக்கத்தில் இருந்து, அந்தப் பகிடி என்னவென்று சொல்லித் தந்திருக்கவேண்டியவன் நான்.