மேசையும் அலமாரியும்



2019-ல் என் தங்கை மகளுக்கு லேப்டாப் வாங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குப் போனோம். தங்கை வளையலை அடகு வைத்துக் கொண்டுவந்த பணம்.

கடைத் தம்பி ஒன்றைக் காட்டி, "1 டி.பி. மெமரி சார், ஸ்பீடு பறக்கும்" என்றார்.

"ராம் எவ்வளவு தம்பி?"

"அதான் சார், 1 டி.பி.!"

பெட்டியைப் படித்தேன். ராம் 4 ஜி.பி.தான், 1 டி.பி. என்றது ஹார்ட் டிஸ்க். ராம் என்பது வேலை பார்க்கும் மேசை; டிஸ்க் என்பது சாமான் வைக்கும் அலமாரி. அலமாரி பெரிதானால் மேசை அகலமாகிவிடுமா?

"திரையில 931 ஜி.பி.தானே காட்டுது?"

"மீதியை விண்டோஸ் எடுத்துக்கும் சார்."

அதுவும் தப்பு. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இடம் எங்கும் போகவில்லை, படிதான் வேறு.

கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். தம்பியின் முகம் வாடிவிட்டது. "விலைப் பட்டியல் மட்டும்தான் சார் குடுத்தாங்க. வேற யாரும் எதுவும் சொல்லித்தரல."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. முதல் நாள் லேபில் நான் மட்டும் என்ன தெரிந்துகொண்டா உட்கார்ந்தேன்? பத்து நிமிடம் விளக்கினேன். அவரே உள்ளே போய், கொண்டுவந்த பணத்துக்குள்ளேயே 8 ஜி.பி. ராமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் உள்ளதைத் தேடி எடுத்துவந்தார்.

மாணவர்களே, பிராசஸர், ராம், டிஸ்க், வாரண்டி நான்கையும் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் பெட்டியைப் படியுங்கள். தெரியாதவரைத் திட்டாதீர்கள், சொல்லிக்கொடுங்கள். இந்தக் கல்லூரி நமக்குச் செய்ததும் அதைத்தானே!