டீயும் பிஸ்கட்டும் போதும்



தூத்துக்குடியில் நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீடுகளில் கூடி ஜெபிக்கும் இந்த அன்பியத்தின் ஆண்டு விழாவில் பேச, கோயிலுக்கு வராத ஒரு இந்துத் தமிழ் வாத்தியாரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ரிட்டையர் ஆன வாத்தியார் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே கூப்பிட்டீர்களே, அந்தத் தைரியத்துக்கு முதல் நன்றி. நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். உங்கள் வேதக் கதைகள் எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில் சிலதைச் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

கோயில் என்றதும் நமக்குக் கோபுரமும் மணியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆதியில் கிறிஸ்தவர்களுக்கு வீடுதான் கோயில். பவுலின் கடிதங்களில் வீட்டுச் சபைகளுக்கு வாழ்த்துச் சொல்லியிருப்பதைப் பார்க்கலாம். கூடாரம் செய்து பிழைத்த பிரிஸ்கா, அக்கிலா தம்பதி வீட்டில் ஒரு சபை. லவோதிக்கேயா பக்கம் நிம்பா என்ற அம்மாள் வீட்டில் ஒரு சபை. சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் தூரா எவுரோப்போஸ் என்று ஒரு பழைய ஊர். அங்கே 3ஆம் நூற்றாண்டில் வழிபாட்டுக்குப் பயன்பட்ட வீடு ஒன்றை அகழ்ந்து எடுத்தார்கள். அதில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். ஆள் பெருகியிருக்கும், இடம் போதாமல் போயிருக்கும். சுவரை இடிக்கச் சம்மதித்த வீட்டுக்காரர் யாரோ, அவரைக் கும்பிட வேண்டும். நம் ஊரில் வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்க விடுவார்களா?

இந்த வீட்டுச் சபைதான் லத்தீன் அமெரிக்காவின் ஏழைக் குடியிருப்புகளில் மறுபடி உயிர்பெற்றது. 1968இல் மெதெயின் நகரில் கூடிய ஆயர்கள் அதற்குத் தோள் கொடுத்தார்கள். 1990இல் பாண்டுங்கில் ஆசிய ஆயர்களும் அதே வழியைப் பேசினார்கள். தமிழ்நாட்டில் அதற்கு அன்பியம் என்று பெயர் வைத்தோம். வரலாறு இவ்வளவு போதும். நம் தெருவுக்கு வருவோம்.

அன்பியக் கூட்டம் வீட்டுக்கு வீடு முறை வைத்து நடக்கிறது. பாட்டு எனக்கும் கேட்கும், பலகார வாசனையும் வரும். ஆரம்பத்தில் டீயும் பிஸ்கட்டும்தான். பிறகு ஒரு வீட்டில் உளுந்தவடை போட்டார்கள். அடுத்த மாதத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? வடையோடு கேசரி. அதற்கடுத்த வீட்டில் ஆளுக்கொரு மக்ரூன் பொட்டலம். மகன் வளைகுடாவில் இருக்கிற வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். சாப்பிட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பாயாவில் ஒரு தூக்குவாளி என் வீட்டுக்கும் வந்தது.

ஆனால் அன்றைக்குக் கடைசி வரிசையில் பாயை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அக்காவைப் பாருங்கள். உப்பளத்துக்குப் போகிறவர். அடுத்த முறை அவர் வீட்டில். “பெயிண்ட் அடிக்கணும், அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்” என்றார். பிறகு “மகளுக்குப் பரீட்சை” என்றார். அப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. அவருக்கு ஜெபத்தில் ஆர்வம் போய்விட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். ஆர்வம் எங்கேயும் போகவில்லை. இருபது பேருக்கு ஆட்டுக்கால் வாங்க உப்பளக் கூலியில் முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

விருந்தோம்பல் என்றால் கொடுப்பது என்று மட்டும் நினைக்கிறோம். அடுத்தவர் கொடுக்க நாம் இடம் விடுவதும் அதில் சேர்ந்ததுதான். உங்கள் இயேசு அதில் கெட்டிக்காரர். மரத்தின்மேல் ஏறி நின்ற சக்கேயுவிடம், உன் வீட்டில் தங்க வருகிறேன் என்று தானே விருந்துக்குப் பேர் கொடுத்தார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அவருக்கு வெகுகாலம் முன்பு எலியா, பானையில் கைப்பிடி மாவு மட்டும் மிச்சமிருந்த ஒரு விதவையிடம் போய் அப்பம் கேட்டார். வசதியுள்ள வீடாகப் பார்த்துக் கேட்கத் தெரியாமலா அங்கே போனார்?

இன்னொன்று. உங்கள் பொறுப்பாளர் கையில் ஒரு நோட்டு இருக்கும். நம் தெரு வீடுகள் கதவு எண் வாரியாக அதில் உண்டு. 14, 16, 19 என்று போகும். நடுவில் 15ஆம் எண் எங்கே என்று தேடினேன், ஏனென்றால் அது என் வீடு. 17இல் பாய் குடும்பம். 18இன் மாடியில் ஜார்கண்ட் பையன்கள் ஆறேழு பேர், மீன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் கடைசித் தூணோரம் நிற்பதாக நீங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் சபைப் பிள்ளைகள்தானே? பங்கில் குடும்ப அட்டை இல்லை, சந்தா இல்லை, ஆகவே நோட்டிலும் இல்லை. போன மாதம் அந்த மாடியில் ஒரு பையன் காய்ச்சலில் கிடந்தான். கஞ்சி கொண்டுபோனது 17ஆம் எண் வீட்டு அம்மா.

நோட்டுப் பார்க்காமல் செய்த உதவி ஒன்று நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தடி மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். அவர்கள் ஊரிலும் வெள்ளம்தான். வந்தவர் எந்த ஊர், என்ன சாதி என்று பட்டியல் எடுக்கவில்லை. தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டும் நிற்கவில்லை. இருந்ததைச் சமைத்தார்கள்.

அந்த வெள்ளத்தில் நம் தெருவில் என்ன நடந்தது? தரைவீட்டுப் பாட்டிக்கு இன்சுலின் ஊசி உண்டு என்பது உங்கள் அன்பியப் பெண்களுக்குத்தான் தெரிந்திருந்தது. மாடிக்குத் தூக்கிப்போக ஆளும் நீங்கள்தான் திரட்டினீர்கள். மாதா மாதம் ஒரு வீட்டுத் தரையில் உட்கார்ந்து பேசியதால் வந்த அறிவு அது. எந்தத் துறை அலுவலகத்திலும் அந்தக் கணக்கு கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், அந்த நோட்டில் விட்டுப்போன எண்களையும் எழுதுங்கள். எங்களை ஜெபத்துக்குக் கூப்பிட வேண்டாம், கூப்பிட்டாலும் எல்லாரும் வரமாட்டோம். யார் வீட்டில் வயசானவர், யார் வீட்டில் பிரசவம் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

பலகார விஷயத்தை இன்றைக்கே தீர்மானமாகப் போட்டுவிடுங்கள். எந்த வீடானாலும் டீயும் பிஸ்கட்டும், அதற்குமேல் கிடையாது. மீறுகிற வீட்டுக்கு அபராதமாக அடுத்த கூட்டத்துக்குப் பாய் சுமக்கும் வேலை. தீர்மானம் எழுதியதும் முதலில் அந்த உப்பளத்து அக்கா வீட்டுக்குப் போய், “இந்த மாசம் உங்க வீட்லதான்க்கா” என்று சொல்லுங்கள். நாற்காலி பற்றாமல் போனால் என் வீட்டில் இருக்கிறது, இரண்டு பையன்களை அனுப்பினால் போதும்.

பின்னால் நடனத்துக்குச் சலங்கை கட்டிய பிள்ளைகள் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.